வெண்டை காய்க்கும் வரை ஊசியும் நூலும்

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் தையலும் தோட்டமும் சொல்லிக் கொடுக்க நினைக்கிறவர்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். வெண்டை விதை போட்டு முதல் காய் பறிக்க 45 நாளாவது ஆகும். அவ்வளவு நாள் பிள்ளை சும்மா இருக்காது. முளைத்துவிட்டதா என்று மண்ணைக் கிளறும், நாலு வேளையும் தண்ணீர் ஊற்றும். கையில் ஊசி இருந்தால் செடி பிழைக்கும். விதை எடுக்கும் காலத்தில் அதைப் போட்டு வைக்கப் பிள்ளை தைத்த பையும் தயாராக இருக்கும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று இதில் பிரிக்காதீர்கள். சட்டைப் பட்டன் எல்லோருக்கும்தான் அறுந்து விழுகிறது.

ஆடி முதல் வாரம் விதைப்புக்கு நல்லது. நம் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு ஊர் மண் மாறும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ஆற்றுப்பாசன வண்டலுக்கு மக்கிய சாணி எரு மட்டும் போதும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலைத் தனியாகத் தொட்டியில் போட்டால் நனைந்ததும் களியாகும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். பங்குக்குப் பங்கு மணல் கலக்க வேண்டும். திசையன்விளைத் தேரியின் செம்மணலில் தண்ணீரே நிற்காது. அதற்குப் பாதி எருவும் தென்னை நார்க் கழிவுமாகச் சேருங்கள்.

பழைய 15 லிட்டர் வாளி ஒரு செடிக்குச் சரி. அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, மேலே ஓட்டாஞ்சில்லு வைத்து மண் நிரப்புங்கள். விதையை ராத்திரி ஊறவைத்து, மூன்று விதையை 2 செ.மீ. ஆழத்தில் பிள்ளையே ஊன்றட்டும். பத்து நாளில் நல்ல கன்று ஒன்றை விட்டு மற்றதை எடுக்க வேண்டும். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும். கத்தரிக்கோலால் மண் மட்டத்தோடு வெட்டச் சொல்லுங்கள்.

ஆடிக் காற்றில் மேல்மண் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். வெளுப்பைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றித்தான் பாதிச் செடிகள் வேர் அழுகிச் சாகின்றன. ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது என்று பிள்ளையைப் பழக்குங்கள். இலை நரம்பு மஞ்சளாக வலை பின்னினால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். மருந்து தேட வேண்டாம், செடியை எடுத்துவிடுங்கள்.

இனி ஊசி. சின்ன ஊசி, மெல்லிய துணி என்று தொடங்குவதுதான் பெரியவர்கள் செய்கிற முதல் தப்பு. ஒரு சாண் கோணிச் சாக்கு, முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிய சாக்கு ஊசி, கம்பளி நூல், இவை போதும். ஓட்டை கண்ணுக்குத் தெரிவதால் உள்ளே போய் வெளியே வருகிற ஓட்டம் கைக்குப் புரிந்துவிடும். அது சீராக வந்தபின் கட்டம் போட்ட பழைய சாரம், அதாவது கைலி. கட்டமே கோடு போட்ட நோட்டு மாதிரி, தையல் எங்கே கோணுகிறது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளமானால் சிக்கும். மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்தால் சிக்கல் குறையும். அப்படியும் முறுக்கேறினால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானாகச் சுற்றி முறுக்கு இறங்கும். துணி சுருங்கினால் நூலை இறுக்கி இழுக்கிறது என்று அர்த்தம். அஞ்சு தையலுக்கு ஒருதரம் துணியை விரலால் நீவிவிடச் சொல்லுங்கள். இடதுகைப் பிள்ளைக்கு, வலதுகைக்காரர் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து காட்டினால் கண்ணாடியில் பார்ப்பது போல் சரியாக விளங்கும். ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணியே ஓலைக் கொட்டானில் வைக்க வேண்டும். இதில் மட்டும் கண்டிப்பு காட்டுங்கள்.

விதைப்பைக்கு 7 இஞ்ச் அகலம், 16 இஞ்ச் நீளத்தில் துணி. நீளத்தின் இரண்டு முனையையும் கால் இஞ்ச் மடித்து, மறுபடி ஒரு இஞ்ச் மடித்து, சாக்கில் பழகின அதே உள்ளே-வெளியே ஓட்டுத்தையல் போடுங்கள். நாடா அதற்குள் போகும். பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்க இரண்டாக மடித்து, நாடா வாயை விட்டுவிட்டு, இரண்டு ஓரத்தையும் அரை இஞ்ச் உள்ளே தள்ளிப் பின்தையலால் அடைக்க வேண்டும். ஓரத்துக்கு ஓட்டுத்தையல் போதாது. ஓர் இடத்தில் நூல் அறுந்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். பின்தையலில் ஊசி ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னால் போய்க் குத்தி முன்னால் வருவதால், ஒவ்வொரு தையலும் முந்தினதைப் பிடித்துக்கொள்ளும். கோணலாக வந்தாலும் நீங்கள் பிரித்துத் திருத்தித் தராதீர்கள். விதை சிந்தாத பை நல்ல பைதான்.

அடுத்தது பட்டன். பட்டன்மேல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து அதன்மேல் தைத்து, குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் காஜாவுக்குள் பட்டன் உட்காராது, துணியும் கிழியும்.

வெண்டை காய்க்கத் தொடங்கியதும் இரண்டு நாளுக்கு ஒருதரம் பறிக்க வேண்டும், விட்டால் நாராகும். விதைக்கு, நோயில்லாத செடியில் முதலில் வந்த காய்களில் ஒன்றை நூல் கட்டி அடையாளம் வைத்து விட்டுவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் செடியிலேயே காய்ந்து பழுப்பாகட்டும். பிந்தின காயை விட்டால் ஐப்பசி மழையில் நனைந்து விதை பூஞ்சை பிடித்துப்போகும். நன்றாகக் காய்ந்த விதையோடு அடுப்புச் சாம்பல் கலந்து பையில் கட்டுங்கள்.

அந்த வாளி காலியானதும் சும்மா போடாதீர்கள். ஐப்பசி முதல் வாரம் பூசணி விதை ஊன்றினால் மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டையில் வைக்கவும், தையில் பிள்ளைகள் சின்ன மண்வீடு கட்டி வைக்கிற சிறுவீட்டுப் பொங்கலுக்கும் வீட்டுப் பூவே கிடைக்கும். கொடி ஓட இடம் மட்டும் வேண்டும். முதலில் வருவது ஆண் பூ, காம்பு நீண்டு மெலிந்திருக்கும். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒட்டியிருக்கும். கோலத்துக்கு ஆண் பூவை மட்டும் பறிக்கச் சொல்லுங்கள். பெண் பூ வரத் தொடங்கிய பிறகு ஆண் பூவிலும் இரண்டு மூன்றைக் கொடியில் விட வேண்டும், இல்லாவிட்டால் மகரந்தம் கிடைக்காமல் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும்.