முடிவுத் தாளின் ஓரத்து எழுத்துகள்

தேசிய அளவிலான திறந்தவெளித் தடகளப் போட்டியின் முடிவுத் தாளைக் கையில் எடுத்தால், நேரத்துக்கு முன்பே அடைப்புக்குறிக்குள் இருக்கும் காற்று எண்ணைப் பாருங்கள். 100 மீட்டரில் 10.28 என்ற நேரம் தனியாக எதையும் சொல்வதில்லை. அதே 10.28 எதிர்க்காற்று 1.5-இல் ஓடியதா, பின்காற்று 2.4-இல் ஓடியதா என்பதைப் பொறுத்து ஓட்டமே வேறு. நொடிக்கு 2 மீட்டர் பின்காற்று 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடியைக் குறைத்துக் கொடுக்கும்.

அளவீட்டுக் கருவி 1.22 மீட்டர் உயரத்தில், முதல் லேனிலிருந்து 2 மீட்டருக்குள், முடிவுக் கோட்டுக்கு 50 மீட்டர் முன்னால் நிற்கும். 100 மீட்டருக்குத் துப்பாக்கி வெடித்ததிலிருந்து 10 நொடியும், 100 மற்றும் 110 மீட்டர் தடை ஓட்டங்களுக்கு 13 நொடியும் அளப்பார்கள். 200 மீட்டருக்கு, முதலில் வருபவர் நேர்ப்பாதைக்குள் நுழைந்ததிலிருந்து 10 நொடி. சராசரி எப்போதும் நேர்மறைப் பக்கமாகவே அடுத்த பத்தில் ஒன்றுக்கு ஏற்றப்படும்: 2.01 வந்தால் 2.1 என்று பதிவாகும், சாதனைக் கணக்கிலிருந்து ஓட்டம் போய்விடும். எதிர்க்காற்று 2.03 என்றால் 2.0 என்றே எழுதுவார்கள். பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டர் என்ற எல்லையைத் தாண்டினால் நேரத்துக்குப் பின்னால் சின்ன 'டபிள்யூ' ஒட்டிக்கொள்ளும். பதக்கத்துக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. இது பலருக்கும் குழப்பம் தருகிற இடம்.

காற்று நிஜமாகவே ஆளைக் கவிழ்ப்பது தகுதிச் சுற்றில். பெரிய 'க்யூ' தன் ஹீட்டில், அதாவது தகுதிச் சுற்றில் தான் ஓடிய பிரிவில், இடம் பிடித்து முன்னேறியவருக்கு. சின்ன 'க்யூ' நேரத்தின் அடிப்படையில் நுழைந்தவருக்கு. எதிர்க்காற்று வீசிய ஹீட்டில் மூன்றாவதாக வந்தவர், காற்று அடங்கியபின் ஓடிய ஹீட்டின் நான்காவது ஆளிடம் நேரத்தில் தோற்று வெளியேறுவார். காற்றுக்கு ஏற்ப நேரத்தைத் திருத்திக் கொடுக்க விதியில் வழியில்லை. அதனால்தான் விவரமறிந்த பயிற்சியாளர்கள் 'நேரத்தை நம்பாதே, இடத்தைப் பிடி' என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

நீளம் தாண்டுதலில் ஒவ்வொரு முயற்சிக்கும் தனிக் காற்று எண் இருக்கும். தாண்டுபலகைக்கு 40 மீட்டர் தொலைவில் உள்ள குறியை ஓடுபவர் கடந்ததும் 5 நொடி அளப்பார்கள். மும்முறைத் தாண்டுதலில் அந்தக் குறி 35 மீட்டரில். வரிசையாக ஃபவுல் விழுந்திருந்தால் காற்று எண்களோடு சேர்த்துப் படியுங்கள். பின்காற்று கூடும்போது ஒவ்வொரு காலடியும் கொஞ்சம் நீளும், பதினெட்டு இருபது காலடியில் அது கூடிக்கூடிக் கால் பலகையின் கோட்டைத் தாண்டிவிடும். ஓட்டத்தின் தொடக்கக் குறியை ஓர் அடியளவு பின்னால் தள்ளியிருந்தால் தீர்ந்திருக்கும். முன்பு கோட்டுக்கு அப்பால் வைத்த பிளாஸ்டிசினில் (களிமண் போன்ற மென்பொருள்) பதிந்த தடம்தான் ஃபவுலைக் காட்டும். இப்போதைய விதியில் கால் கோட்டின் செங்குத்துத் தளத்தைத் தாண்டினாலே ஃபவுல். ஷூ நுனி பிளாஸ்டிசினைத் தொடாமல் மேலே நீட்டியிருந்தாலும் தப்ப முடியாது. எல்லா முயற்சியும் ஃபவுல் என்றால் 'என்எம்', அதாவது அளவே இல்லை.

உயரம் தாண்டுதலின் வட்டமும் (தாண்டியது) பெருக்கல் குறியும் (தவறியது) தனிக் கணக்கு. இருவர் ஒரே உயரத்தோடு நின்றால், கடைசியாகத் தாண்டிய உயரத்தில் யார் குறைந்த முயற்சியில் தாண்டினார் என்பது முதல் கேள்வி. அதுவும் சமம் என்றால் அந்த உயரம் வரையிலான மொத்தத் தவறுகள். அதற்கு மேலான உயரத்தில் விழுந்த மூன்று பெருக்கல் குறிகள் இந்தக் கணக்கில் வராது. முதலிடத்துக்கும் சமநிலை தொடர்ந்தால் மறுதாண்டல், அல்லது இருவரும் ஒப்புக்கொண்டால் பகிர்வு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பர்ஷிமும் தம்பேரியும் 2.37 மீட்டரில் தங்கத்தைப் பகிர்ந்தது இப்படித்தான்.

இனி 'டிக்யூ', தகுதி நீக்கம். பக்கத்தில் 16.8 என்ற விதி எண் இருந்தால் தவறான தொடக்கம். எதிர்வினை நேரம் 0.100 நொடிக்குக் கீழே போனால் கருவி காட்டிக்கொடுக்கும். டெகாத்லான் போல ஒருவரே பல பிரிவுகளில் பங்கேற்கும் கூட்டுப் போட்டிகளில் மட்டும் ஓட்டத்துக்கு ஒரு தவறு மன்னிக்கப்படும். மற்றதில் முதல் தவறிலேயே வெளியே. 'எல்' என்ற எழுத்து புதிது: வளைவில் இடப்பக்கக் கோட்டை ஒரே ஒரு முறை மிதித்தவருக்கு நீக்கம் கிடையாது, 'எல்' மட்டும். அதே போட்டியின் அடுத்த சுற்றில் மறுபடி மிதித்தால் நீக்கம்.

4x100 தொடர் ஓட்டத்தில்தான் 'டிக்யூ' அதிகம் கண்ணில் படும். ஒருவர் அடுத்தவரிடம் கோலை மாற்றும் பகுதி 30 மீட்டர். உள்ளே இருக்க வேண்டியது கோல். ஓடுபவரின் உடல் எங்கே என்பது கணக்கில்லை. 5 x 40 சென்டிமீட்டருக்கு மிகாத ஒட்டுப் பட்டை ஒன்றை மட்டும் லேனில் ஒட்டலாம். வருபவர் அந்தக் குறியைத் தொட்டதும் அடுத்தவர் கிளம்புவார். காலையில் அமைதியான காற்றில் வைத்த குறியை, மாலை எதிர்க்காற்றில் மாற்றாமல் விட்டால், வருபவர் வேகம் குறைந்து வர, கிளம்பியவர் பகுதியின் விளிம்புக்குப் போய்விடுவார். அங்கே திரும்பிப் பார்த்து நின்றால் நேரம் போகும், நிற்காவிட்டால் அணியே போகும்.

'டிஎன்எஸ்' என்பது ஓடவில்லை என்பதுதான். ஆனால் பங்கேற்பை உறுதி செய்துவிட்டு உரிய காரணமின்றி வராதவரை அந்தப் போட்டித் தொடரின் மற்றப் பிரிவுகளிலிருந்தும் நீக்கிவிடலாம். 400 மீட்டர் இறுதியைத் தவிர்த்து மறுநாள் தொடர் ஓட்டத்துக்குக் காலைப் பாதுகாக்க நினைப்பவர்கள் இந்த விதியில்தான் மாட்டுகிறார்கள்.

தாளில் அச்சான நேரத்தையும் பாருங்கள். முடிவு அறிவித்து 30 நிமிடம் வரை ஆட்சேபம் தரலாம், நடுவர் தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நிமிடம். அதற்குள் பெயர்கள் இடம் மாறிய திருத்தப் பட்டியல் வரக்கூடும், படமெடுத்துப் பகிர அவசரம் வேண்டாம்.