எட்டாவது கோடு: குவாங்சோ குறிப்புகள்

நவம்பர் 4, திங்கள்

சீன எழுத்தின் அடிப்படைக் கோடுகள்: ஹெங், ஷூ, பியே, நா. கிடைக்கோடு, நெடுக்கோடு, இடப்பக்கம் சாய்வது, வலப்பக்கம் சாய்வது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், கிடை போட்ட பிறகே நெடுக்கு. மதியம் முழுக்க இதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவர் தூங்கினார்.

நவம்பர் 5

இரவெல்லாம் இருமல்.

நவம்பர் 6, புதன்

பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்குத் துணையிருக்கும் போபோ (பாட்டியை இங்கே இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) என் கட்டம் போட்ட நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கம் முழுக்க ஃபெய். நுரையீரல். வார்டு கதவில், ஸ்கேன் சீட்டில், எங்கே திரும்பினாலும் இந்த எழுத்துதான், வேறு எதை எழுதுவது?

இடது பாதி நாலு கோடு, அதில் சிக்கல் இல்லை. வலது பாதி, சந்தையைக் குறிக்கும் ஷி மாதிரியே கண்ணுக்குப் படும். ஆனால் ஷிக்கு உச்சியில் தனியாக ஒரு புள்ளி உண்டு, இதற்குக் கிடையாது. கிடைக்கோடு, குட்டி நெடுக்கோடு, மடங்கிக் கொக்கி போடும் கோடு, கடைசியாக உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பு. மொத்தம் 8. புள்ளி வைத்தால் 9 ஆகிவிடும். இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சறுக்குகிற இடமாம். போபோ என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினார், கடைசிக் கோட்டுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

நவம்பர் 7

ஊரிலிருந்து அத்தை. "ஏம்மா, அவன்கிட்ட உட்காராம சீனம் படிச்சிட்டு இருக்கியாமே?"

யார் சொன்னது? ஊட்டினேன், துடைத்தேன், எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மீதி நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? ஒரு பக்கம் முழுக்க வெறும் பியே. அழுத்தியதில் தாள் கிழிந்தது.

நவம்பர் 9, சனி

போபோவின் பேரன் வந்தான், மூன்றாம் வகுப்பு. வந்ததுமே பாட்டியோடு சண்டை. 'பி' என்ற எழுத்து, 5 கோடு. போபோ இதயத்துக்கான எழுத்தை முழுதாக எழுதிவிட்டு அதன் மேல் ஒரு சாய்கோட்டைப் போடுகிறார். பையன் விடவில்லை: இடப்புள்ளி, படுத்த கொக்கி, நடுப்புள்ளி, அப்புறம் சாய்கோடு, வலப்புள்ளி கடைசி. விதி பையன் பக்கம்தான். 2021 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் அரசு விதி 8105 எழுத்துகளுக்கும் வரிசை வகுத்திருக்கிறது. போபோ அசரவில்லை. எழுதி முடித்தபின் யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று தெரியவில்லை, ராத்திரி வரை உறுத்தியது.

நவம்பர் 10

தெரியும். அவசரமாக எழுதும்போது பேனாவைத் தூக்குவதில்லை, ஒரு கோட்டின் வால் அடுத்த கோட்டின் தலைக்கு இழுபடுகிறது. வரிசை தெரிந்தவர்கள் அந்த இழுவையைப் பிடித்துக்கொண்டே படித்துவிடுகிறார்கள். டாக்டர் கிறுக்கிக் கொடுத்த சீட்டை போபோ, நேற்று அப்படிப் பேசிய அதே போபோ, காற்றில் விரலை ஓட்டிப் படித்தார். ஊசி, இரண்டு வேளை.

ஃபெய் மட்டும் எனக்கே புரிந்தது. எட்டாவது கோடு நீண்டு அடுத்த எழுத்துக்குள் போயிருந்தது. அடுத்த எழுத்து என்ன என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 11

ஆக்ஸிஜன் 91.

நவம்பர் 12

94! இட்லி வேண்டுமாம். குவாங்சோவில், காலை ஆறு மணிக்கு. அரிசிக் கஞ்சி கொடுத்தேன், உப்பில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பட்டும்.

நவம்பர் 14, வியாழன்

இவரும் பாடத்தில் மூக்கை நுழைக்கிறார். ஒசாகாவில் இருந்தவர் இல்லையா. வலது என்பதை நான் கிடைக்கோட்டில் ஆரம்பித்ததும், "தப்பு, சாய்கோடுதான் முதல்ல" என்றார். ஜப்பானில் அப்படித்தான்: இடதுக்குக் கிடை முதலில், வலதுக்குச் சாய்வு முதலில். இங்கே இரண்டுக்குமே கிடைதான். வாக்குவாதம் முற்றி நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு தடவைகூட இருமவில்லை. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சீண்டினேன்.

சாயங்காலம் மருத்துவத்துக்கான யி, 7 கோடு. நாடு என்ற எழுத்தில் மூன்று பக்கம் சுவர் எழுப்பி, ஆள் உள்ளே வந்த பிறகே கதவைச் சாத்து என்பார்கள். யியில் சுவரே பிறகுதான். மேல்கோடு, உள்ளே அம்பைக் குறிக்கும் எழுத்து, அதன் பின் இடச்சுவரும் தரையும் சேர்ந்து ஒரே கோடு.

நவம்பர் 15

மறுபடி 92. ஸ்கேன் திரும்ப எடுக்கணுமாம். ஃபெய், ஃபெய், ஃபெய்.

நவம்பர் 18

எழுதவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஸ்கேன் வந்துவிட்டது. பத்து மணிக்கு டாக்டர் கூப்பிடுகிறாராம், துணைக்கு இருப்பவர் மட்டும் வரணுமாம். போபோ கூட வருகிறேன் என்கிறார். அதற்குள் கீழே போய் 0.5 பேனா வாங்கணும். அத்தைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.