திங்கள் பகல் பன்னிரண்டுக்குள்

செப்டெம்பர் 16, செவ்வாய்
கவுன்சில் வாடகை வீட்டுக்கு, இது எனக்கு வேண்டும் என்று பிட் போட்டதில் இந்த முறை நான்தான் முதல் ஆள். பெரிய வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு வரிசையில் முன்னிடமாம். கிழக்கு லண்டனில் பெக்டன், இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு, ஒரே ஒரு படுக்கையறை. வியாழக்கிழமை பார்க்கப் போக வேண்டும். மூத்தவனுக்கு இன்னும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 18, வியாழன்
அளவு நாடாவை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டேன். கவுன்சில் பிள்ளை ஃபைலோடு நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து சாண் போட்டு அளந்தேன். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஐந்து சாண். என் பிரீசர் ஏழு. குசினி என்று பெயரே தவிர, ஹோலின் ஒரு மூலைதான் அது. புட்டு அவித்தால் ஆவி கட்டில் வரை போகும். யன்னலைத் திறந்தேன், சிட்டி விமான நிலையத்துக்கு இறங்குகிற பிளேன் ஒன்று தாழப் போனது. அந்தப் பிள்ளை யன்னலைச் சாத்திக் காட்டி, "இப்போது கேட்கவில்லைதானே?" என்றாள். கேட்டது.

"விருப்பமில்லாவிட்டால் சொல்லுங்கள் அன்ரி, ஒருவரும் உங்களைப் போகச் சொல்லவில்லை" என்றாள். அது உண்மை. அவர் கண்மூடின பிறகும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டுப் படிகள்தான் காரணம். பதின்மூன்று படி. ஏழாவதில் ஒரு தரம் நிற்கிறேன், இப்போது நாலாவதிலும்.

செப்டெம்பர் 19, வெள்ளி
ஓம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு
மூத்தவன் வந்தான். எதிர்பார்த்த கதைதான். "2013-ல் லண்டனில் இருக்கிற கவுன்சில் வீட்டையே வாங்க 100,000 பவுண் வரை கழிவு தந்தார்கள் அம்மா. அப்பா அப்போதே வாங்கியிருக்க வேண்டும். 2024 நவம்பரிலிருந்து 16,000-தான்." கைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினான், இன்றைக்கு இந்த வீடு என்ன விலை போகும் என்று. நான் பார்க்கவில்லை, தேத்தண்ணீர் போட எழும்பிவிட்டேன்.

வாங்க வைத்திருந்த காசு எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது. ஊரிலிருந்து எடுத்த இரண்டு தம்பிமார், ஒரு மருமகள், அவர்களைக் கொண்டுவந்துவிட்ட ஏஜென்சிக்காரன். தெரிய வேண்டிய வயது அவனுக்கு எப்போதோ வந்துவிட்டது, நான்தான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

சரி, எனக்குப் பிறகு நீ இருக்கலாமே என்று வாய்தவறிச் சொன்னேன். அதற்கும் வழியில்லையாம். வாடகை உரிமை ஒரு தரம்தான் கைமாறும், அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததோடு அந்த ஒரு தரம் முடிந்துவிட்டதாம். அவனுக்கு எல்லாம் தெரிகிறது.

செப்டெம்பர் 24, புதன்
கொட்டிலுக்குப் போய் பிரீசரைத் திறந்து கணக்கெடுத்தேன். ஆட்டிறைச்சி ஆறு பை. அறக்குளா வெட்டினது மூன்று. இறால் நாலு. நண்டு ஒன்று. விளைமீன் முழுசாக ஒன்று, எப்போது வாங்கினதோ. ஊரிலிருந்து வந்த ஒடியல் மா, பெரிய பை. தேங்காய்ப்பூ, முருங்கைக்காய், மரவள்ளி, பலாக்கொட்டை. அடியில் இருப்பதெல்லாம் பனிக்கட்டியோடு ஒட்டிக்கிடக்கிறது, பிறகு பார்க்கலாம்.

ஒருத்தி சாப்பிட்டு முடிக்கிற காரியமா இது? நவராத்திரி முடியும் வரை மச்சம் இல்லை. வெள்ளி இல்லை. புரட்டாதிச் சனி இல்லை. பிறகு கந்தசஷ்டி வந்துவிடும். காலண்டரில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன், மீன் தின்னக்கூடிய நாள்கள் பதின்மூன்றோ பதினாலோதான் தேறின.

செப்டெம்பர் 25, வியாழன்
நித்திரை இல்லை. சின்ன அறையில் எத்தனை பெடியள் இருந்து போனார்கள் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். ஹீத்ரோவில் இறங்கி நேரே வந்தவர்கள், அகதிக் கேஸ் முடியும் வரை இருந்தவர்கள், "ஒரு கிழமைதான் அக்கா" என்று வந்து ஒரு வருஷம் இருந்தவன். பதினொன்று.

செப்டெம்பர் 26, வெள்ளி
பன்னிரண்டு. நெடுந்தீவுப் பெடியனை எப்படி மறந்தேன்?

ஒக்டோபர் 2, வியாழன்
விஜயதசமி. நாளை வெள்ளி. நாளன்றைக்குச் சனி.

ஒக்டோபர் 5, ஞாயிறு
கூழ். இந்த யோசனை ஏன் முதலே வரவில்லை! ஒடியல் மா, நண்டு, இறால், விளைமீன், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் ஒரே பானைக்குள். ஒன்பது பேர் வந்தார்கள். கதிரை போதாமல் நிலத்தில் இருந்தோம். பனையோலைப் பிளா இல்லை, சூப் கோப்பையில்தான். உறைப்புக் கூடிவிட்டது, எல்லோருக்கும் மூக்கு ஓடியது. இனி இப்படி ஒன்பது பேர் என்றால் அங்கே நாலு பேர் கட்டிலில் இருக்க வேண்டும்.

நண்டை எடுக்கும்போது அடிப் பனியைக் கரண்டியால் கிளறினேன். ஒரு பை வந்தது. ஒட்டுத்தாளில் அவருடைய எழுத்து. "கணவாய். 9/2. நல்லது."

மீன்கடைக்காரன் ஏமாற்றாமல் தந்தால் மட்டும்தான் "நல்லது" என்று எழுதுவார்.

திரும்ப அடியில் வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 8, புதன்
சோபாவைச் சரிட்டிக் கடை எடுக்காது. தீப்பிடிக்காத துணி என்று அடியில் லேபல் தைத்திருக்க வேண்டுமாம், இது இங்கே சட்டம். அந்த லேபலை 2006-லோ எப்போதோ நானே கத்தரிக்கோலால் வெட்டினேன், காலில் உரசுகிறது என்று.

ஒக்டோபர் 9, வியாழன்
எவர்சில்வர் தட்டு நாற்பது. திவசத்துக்கு, பூசைக்கு, பிறந்தநாளுக்கு என்று ஈஸ்ட்ஹாமில் பாதி வீடுகளுக்குப் போய்வந்த தட்டுகள். நாலு வைத்துக்கொள்ளலாமா, ஆறா? ஆறு. இல்லை, எட்டு.

தட்டு எடுக்க வந்த அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அந்த அறை வரியாலா போகிறீர்?" இல்லை அக்கா, அது பென்சன் வயது வராதவர்களுக்கு. சும்மா கிடக்கிற அறை ஒன்றென்றால் வாடகை உதவியில் 14 வீதம் வெட்டுவார்கள், இரண்டென்றால் 25. எனக்கு ஒரு சதமும் வெட்டவில்லை. "பிறகேன் போகிறீர்?" என்றார். முழங்காலைக் காட்டினேன். நம்பினாரோ தெரியாது. மேலே இரண்டு அறைக் கதவையும் சாத்தி வைத்து, குளிர் வராமல் கீழே துவாய் செருகி, அந்தக் கதவுகளைத் தாண்டித்தான் தினமும் படுக்கப் போகிறேன். இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒக்டோபர் 13, திங்கள்
கையெழுத்து வைத்தாயிற்று. இரண்டு கிழமைக்கு இரண்டு வீட்டு வாடகை. பழைய வீட்டுத் திறப்பு 27 திங்கள் பகல் 12 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். கொட்டிலைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டேன். வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சைக்கிள் வைப்பார்கள், இருக்கட்டும் என்றார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஒக்டோபர் 15, புதன்
பால் காய்ச்சப் போனேன். 101 பஸ்ஸில், மடியில் குத்துவிளக்கு, பையில் பாலும் சட்டியும். நல்ல நேரம் பார்த்து வைத்தேன், பால் கிழக்குப் பக்கமாக அழகாகப் பொங்கி வழிந்தது. வழிந்ததும் புகை அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. துவாயால் விசுக்கினேன், கதிரையும் இல்லை ஏறி நிறுத்த. எதிர்க் கதவு திறந்து உயரமான ஒரு கறுப்புக் கிழவர் தும்புத்தடியோடு வந்தார். ஒன்றும் கேட்காமல் தடி நுனியால் ஒரு குத்து. நின்றது. பால் ஒரு கோப்பை கொடுத்தேன், சீனி கேட்டார்.

ஒக்டோபர் 20, திங்கள்
தீபாவளி. கடைசி இரண்டு பை ஆட்டிறைச்சி. இளையவள் கனடாவிலிருந்து வீடியோவில் வந்து, வெறும் சுவரைப் பார்த்துவிட்டு அழுதாள். நான் கறியைக் காட்டினேன்.

பிரீசரில் இனி: முருங்கைக்காய், தேங்காய்ப்பூ, அந்தப் பை.

ஒக்டோபர் 21, செவ்வாய்
இன்றைக்குச் சமைத்திருக்கலாம். நாளை விரதம் தொடங்கினால் ஆறு நாள். வெளியே எடுத்துத் தொட்டியில் வைத்தேன். ஒரு மணித்தியாலம் இருந்தது. இளக முதல் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 22, புதன்
சஷ்டி. ஒருநேரச் சாப்பாடு, இருபத்தொரு பெட்டி. மூத்தவன் ஏசினான். முருகன் பார்த்துக்கொள்வார் என்றேன். "முருகன் பெட்டி தூக்குவாரா?" என்றான்.

ஒக்டோபர் 24, வெள்ளி
இல்ஃபோர்ட்டில் கடை வைத்திருக்கிறவன் போன் எடுத்தான். "அக்கா, பிரீசரைக் கண்டவர்களுக்கும் கொடுக்காதீர்கள், திங்கள் காலை நானே வானோடு வருகிறேன்." சின்ன அறையில் 99-ல் இருந்தவன். கணக்கைச் சொன்னேன், பன்னிரண்டு பேர் என்று. "பதின்மூன்று அக்கா. என் தம்பி மூன்று நாள் இருந்தான், நீங்கள் அவனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தீர்கள்." எனக்குச் சப்பாத்து நினைவில்லை. அந்த முகமும் நினைவில்லை. இரவு முழுக்க இதுதான்.

ஒக்டோபர் 25, சனி
திறப்புகள்: முன்கதவு ஐந்து, பின்கதவு இரண்டு, கொட்டில் ஒன்று. ஆறாவது முன்கதவுத் திறப்பு யாரிடம்? பதின்மூன்று பேரில் எவனாவது வைத்திருப்பான்.

அலுமாரி இழுப்பறையில் அம்மாவின் திறப்பும் கிடந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டி, இடுப்பில் செருகிக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தவர். கொழும்பில் கடைசியாகக் கண்டபோது என் கையில் தந்தார். இதை யாரும் எண்ணிக் கேட்கப் போவதில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு
மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தாயிற்று. அந்த ஒரு மணித்தியாலமும் படியில் இருந்தேன். நாலாவதில்.

ஒக்டோபர் 27, திங்கள்
காலை 9.40. இன்று சூரன்போர். மீட்டர் படம் எடுத்தாயிற்று. வான் வாசலில் நிற்கிறது. அவனோடு ஒரு மொட்டைத்தலை ஆள் இறங்கி, "அக்கா, என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேரும் பிரீசர் தூக்க வந்தவர்கள். கொட்டில் திறப்பைக் காணவில்லை. நேற்று இந்த மேசையில்தான்