வார்னிஷ் வாசனை வந்தால் இறங்கிவிட வேண்டும்

அப்பா சேலத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார், தறிக்கூடத்து மோட்டார் என்று எரிந்துபோனவை எல்லாம் எங்கள் வாசலில்தான் வந்து இறங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கருகிய செம்புக் கம்பியை வெட்டி உருவுவது என் வேலை. வார்னிஷ் எரிந்த வாசனை அப்படித்தான் மூக்கில் ஏறியது. கருகின வெல்லமும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி இருக்கும். தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் போகாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துச் சரிவில், அந்த வாசனை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நானே கட்டி, நானே ஏறி உட்கார்ந்திருந்த மின்சார பைக்கின் பின்சக்கரத்திலிருந்து.

அந்தத் தோட்டத்தை என் நண்பன் பார்த்துக்கொள்கிறான். கேட்டிலிருந்து உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை ஒரு மண் பாதை போகிறது. 1.8 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் 240 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். நடுவில் 300 மீட்டருக்கு ஒரு மேடு இருக்கிறது. நாலடி முன்னால் போனால் ஒரு அடி மேலே போயிருப்போம், அவ்வளவு செங்குத்து. தோட்டத்து ஆட்கள் அதற்கு மூச்சுவாங்கி என்று பேர் வைத்திருக்கிறார்கள். காபிப் பழம் எடுக்கும் மாதங்களில் மூட்டையோடு அதில் ஏறி இறங்குகிறவர்கள் வைத்த பேர். நான் என்ன சொல்ல?

நான் முதலில் கட்டிய வண்டி பார்க்க மிரட்டலாக இருக்கும். லேத் பட்டறை நண்பர் வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுத்த இரும்பு ஃபிரேம், 26 அங்குலச் சக்கரம், பின்சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் 3000 வாட் ஹப் மோட்டார், 72 வோல்ட் பேட்டரி. வண்டி மட்டும் 54 கிலோ, நான் 82. ஹெல்மெட், ஸ்பேனர் பை எல்லாம் சேர்த்து 140 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஆக்சிலேட்டரைத் திருகினால் கழுத்து பின்னால் போய் வரும். 3000 வாட் என்றால் கிட்டத்தட்ட 4 குதிரைத் திறன். எங்கள் கடைக்கு வந்த கிணற்று மோட்டாரில் பாதிக்கு மேல் 5 குதிரைத் திறன்தான். மலை என்ன பெரிய மலை என்று நினைத்தேன்.

முதல் ஏற்றம் ஏறிவிட்டது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதில் கொஞ்சம் திணறியது. நாலாவதில் மூச்சுவாங்கியின் பாதியில் அந்த வாசனை. உடனே இறங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? இன்னும் நூறு மீட்டர்தானே என்று முழுக்கத் திருகினேன். கர்ரென்று ஒரு சத்தம், ஒரு உதறல், அவ்வளவுதான். 54 கிலோவை பிரேக் பிடித்துப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தேன். ஹப்பின் மூடியில் கையை வைக்க முடியவில்லை.

ஊருக்கு வந்து அப்பா முன்னால்தான் அதைப் பிரித்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார், கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. உள்ளே செம்புக் கம்பிச் சுருள் மூன்று பக்கமும் ஒரே சீராகக் கறுத்திருந்தது. சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார் மூன்றும் போய்விட்டன. கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அப்பா கேட்ட ஒரே கேள்வி, “எவ்வளவு வேகத்துல போன?”

“மேட்டுல ஒரு பத்து கிலோமீட்டர் இருக்கும்பா.”

“இது எவ்வளவு ஓடறதுக்குச் சுத்துன மோட்டாரு?”

“அறுபது.”

“போர்வெல்ல மணல் புடிச்சு நின்னுபோன மோட்டாருக்கு கரன்ட் குடுத்தா என்ன ஆகும்? அதையேதான் பண்ணியிருக்கற. சுத்தாத மோட்டாரு மோட்டாரு இல்ல கண்ணு, ஹீட்டரு.”

இதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 140 கிலோவை அந்தச் சரிவில் பிடித்து நிறுத்தவே சுமார் 333 நியூட்டன் விசை வேண்டும். மண்ணின் இழுவையும் சேர்த்தால் 360 வரும். சக்கரத்தின் ஆரம் 33 சென்டிமீட்டர். ஆக, அச்சில் ஏறக்குறைய 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். என்னுடைய ஹப் மோட்டாருக்குள் பல்சக்கரம் எதுவும் இல்லை, அதனால் அவ்வளவையும் செம்புக் கம்பியே கொடுத்தாக வேண்டும். என் மோட்டாருக்கு அது 120 ஆம்பியர் அளவுக்குப் போகிறது. கம்பியின் தடை 0.1 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 1440 வாட் வருகிறது. அத்தனையும் வெறும் சூடு. மேலே ஏறுவதற்கு ஆன வேலையோ 1000 வாட்டுக்குப் பக்கம்தான். அதாவது, ஒரு இஸ்திரிப் பெட்டியையும் இன்னொரு அரை இஸ்திரிப் பெட்டியையும் அலுமினிய டப்பாவுக்குள் போட்டு மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து மலையேறியிருக்கிறேன்.

இந்தச் சூட்டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் எனக்கு உறைத்த விஷயம். முறுக்குவிசைதான் அதைத் தீர்மானிக்கிறது. மெதுவாகப் போனால் மோட்டாருக்கு நல்லது என்று நினைப்போம். மேட்டில் மெதுவாகப் போனால் அதே சூட்டை அது இன்னும் அதிக நேரம் தாங்க வேண்டும். மோட்டார் வரும் பெட்டியின் மேல் போட்டிருக்கும் 3000 வாட், 5000 வாட், 8000 வாட் எல்லாம் சக்கரம் நன்றாகச் சுற்றும்போது வரும் கணக்கு.

அப்புறம் என்னதான் வழி? பல்சக்கரம்தான். மோட்டாரைத் தன் பாட்டுக்கு வேகமாகச் சுற்றவிட்டு, நடுவில் பல் வைத்துக் குறைத்து, சக்கரத்தில் முறுக்கை வாங்குவது. மாட்டைச் செக்கில் கட்டிய காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. வெளிநாட்டில் காட்டுப்பாதைக்காரர்கள் கொண்டாடும் சுர்ரான் லைட் பீ (Light Bee) என்ற மின்சார பைக்கைப் பாருங்கள். ஐம்பது சொச்சம் கிலோ எடை, 60 வோல்ட். மோட்டார் நடுவில் இருக்கும். முதலில் ஒரு பெல்ட், அடுத்து ஒரு செயின் என்று இரண்டு கட்டமாகக் குறைத்துத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறார்கள். பெங்களூர் கம்பெனியான அல்ட்ராவயலெட் 2025ல் அறிவித்த ஷாக்வேவ் வண்டிக்கு 505 நியூட்டன் மீட்டர் என்று போட்டதைப் பார்த்து எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஆடிப்போனார். அது சக்கரத்தில் கிடைப்பது, அதாவது குறைத்த பிறகு. மோட்டார் அச்சில் கிடைப்பதைப் போடும் கம்பெனி ஒன்று, சக்கரத்தில் கிடைப்பதைப் போடும் கம்பெனி ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

மின்சாரத்துக்கு மலை ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்று ஒரு மலையேற்றப் பந்தயம் நடக்கிறது. 20 கிலோமீட்டர், 156 வளைவு, முடிகிற இடம் 4300 மீட்டர் உயரம். 2013ல் அங்கே மோட்டார் சைக்கிள்களிலேயே முதலாவதாக வந்தது கார்லின் டன் ஓட்டிய லைட்னிங் மின்சார வண்டி. மேலே போகப் போகக் காற்று மெலிந்து பெட்ரோல் இன்ஜினுக்குப் பலம் குறைந்துகொண்டே வரும். மோட்டாருக்குக் காற்று என்ன, ஆக்சிஜன் என்ன? 2018ல் ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார் அதே மலையை 8 நிமிடத்துக்குள் ஏறி மொத்தச் சாதனையையும் உடைத்தது. மலைக்கும் மின்சாரத்துக்கும் நல்ல பொருத்தம்தான். ஜாதகம் பார்க்காமல் கட்டிவைத்தது நான்.

இரண்டாவது வண்டிக்கு மலைப்பாதையில் ஓட்டுகிற ஒரு பழைய அலாய் எம்டிபி சைக்கிளை வாங்கினேன். மிதிக்கட்டையின் அச்சில் பூட்டுகிற 1000 வாட் மிட் டிரைவ் மோட்டார், 48 வோல்ட் பேட்டரி. முன்னால் 30 பல், பின்னால் பெரிய கியர் 34 பல். மொத்தம் 32 கிலோதான். வாட்டில் பழைய வண்டியில் மூன்றில் ஒரு பங்கு. என் நண்பன் அதைப் பார்த்துவிட்டு, “என்னடா, சிங்கம் செத்துப்போய் பூனை வந்திருக்கு?” என்றான்.

பூனை அன்றைக்கு ஐந்து முறை ஏறியது. பெரிய கியரில் போட்டு, கூடவே நானும் சும்மா பேருக்கு மிதித்தால், மூச்சுவாங்கியில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது. ஒவ்வொரு ஏற்றத்திலும் வாட் மீட்டர் வைத்துக் குறித்தேன். பழைய வண்டி தொட்டி வரை போக 230 வாட் மணி சாப்பிட்டது, இது 135. மொத்த எடை குறைந்ததும் ஒரு காரணம். மிச்சமெல்லாம் சூடாகிப் போகாமல் தப்பித்த மின்சாரம். மேலே போய் மோட்டாரில் கை வைத்தால் நன்றாகக் கொதித்த டீ டம்ளர் அளவுக்குத்தான் சுடுகிறது.

சும்மா சொல்லக்கூடாது, இதிலும் வில்லங்கம் உண்டு. மோட்டாரின் பலம் முழுக்க அந்த ஒல்லிச் செயின் வழியாகத்தான் போக வேண்டும். பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரை விடாமல் கியர் மாற்றினேன், செயின் அறுந்தது. முதல் மாதத்திலேயே இரண்டு. இப்போது கையை விட்டு, அரை நொடி பொறுத்து, மாற்றி, அப்புறம் திருகுகிறேன். பழைய அம்பாசடரில் கிளட்ச் மிதித்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாக வரும்.

பேட்டரிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். 20 ஆம்பியர் அவர் என்று லேபிளில் இருந்தது. விளக்கு கட்டி வடித்துப் பார்த்தால் 13க்கு மேல் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உள்ளே பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் 20 ஆம்பியருக்குத்தான் தாங்கும், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற என் கன்ட்ரோலரோ 30 இழுக்கும். விளைவு, மூச்சுவாங்கியில் மிகச் செங்குத்தான இடத்தில் மொத்த மின்சாரமும் பட்டென்று நின்றது. ஏறுகிற வண்டி நின்றால் அடுத்த நொடியே பின்னால் உருள ஆரம்பிக்கும். சரளைக்கல்லில் முன்பிரேக் பிடித்தும் சக்கரம் வழுக்கிக்கொண்டே வந்தது. ஒரு சில்வர் ஓக் மரம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி பாவம். வாங்குகிறவர்கள் ஆம்பியர் அவரைக் கேட்கிறார்கள். பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்று முதலில் கேளுங்கள்.

இறக்கத்தில் எனக்குப் பழைய வண்டியின் நினைப்பு வரும். ஹப் மோட்டார் இறங்கும்போது ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் திரும்பிப் போகும். (மேலேயே முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் அது போக இடம் இருக்காது என்பது வேறு விஷயம்.) மிட் டிரைவில் அது கிடையாது. 240 மீட்டர் உயரத்தையும் டிஸ்க் பிரேக்கே தின்று தீர்க்க வேண்டும். முதல் நாள் கீழே வந்தபோது பின் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. இப்போது இரண்டு இடத்தில் நின்று ஆறவிட்டு இறங்குகிறேன். மழைக்குப் பிறகு டயரில் காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைத்துக்கொள்வேன். கன்ட்ரோலரிலும் எடுத்த எடுப்பில் முழு இழுவை வராமல் மெதுவாக ஏறும்படி மாற்றிவிட்டேன். ஈர இலைச்சருகின் மேல் மோட்டாரின் முதல் உதை விழுந்தால் டயர் அங்கேயே நின்று சுற்றும்.

எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், இதிலேயே அடிவாரத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் ஏறலாமே என்று. இருபது கொண்டை ஊசி வளைவு, எனக்கும் ஆசைதான். ஆனால் நம் நாட்டில் பதிவெண் இல்லாமல் ரோட்டில் ஓட்டலாம் என்றால் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கும்? அதனால் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன், தோட்டத்து வேலிக்குள் மட்டும் ஓட்டுகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. சத்தம் வராத வண்டிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று அதற்குள் நுழைகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சமும் மரியாதை இல்லை.

சத்தம் வராதது ஆபத்து என்பதை நானே பார்த்தேன். ஒரு காலை, தொட்டிக்கு முந்தின வளைவில் திரும்பினால் பதினைந்தடியில் ஒரு காட்டெருமை. பெட்ரோல் வண்டி என்றால் அரை கிலோமீட்டர் தூரத்திலேயே கேட்டு விலகியிருக்கும். இது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு அரை நாள் மாதிரி இருந்தது. பிறகு அதுவாகவே காபிச் செடிகளுக்குள் இறங்கிப் போனது. விஷயத்தைச் சொன்னதும் தோட்டத்து மேஸ்திரி, “ஏன் தம்பி, மாட்டுக்குக் கட்டறத வண்டிக்குக் கட்டுங்க” என்று ஒரு பித்தளை மணியைக் கொடுத்தார். இப்போது ஹேண்டில்பாரில் அது தொங்குகிறது. கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் டிங் டிங் என்று கோயில் மாடு வருகிற மாதிரி இருக்கும். காபி எடுக்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தொட்டி வரை ஒரு நடை போய் வந்து நிறுத்தியதும் எழுந்து வந்தார். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு முறை முகர்ந்தார்.

“ம்” என்றார். “டீ எங்க கிடைக்கும்?”