புது டயரும் புளியரை வளைவும்

ஜூன் மாதம் மேற்கே மலை மூட்டம் போட்டதும் எங்கள் கடையில் கூட்டம் கூடிவிடும். செங்கோட்டைக்குப் பக்கத்தில் டயர் மாற்றி, பேலன்சிங், அலைன்மெண்ட் பார்த்துக் கொடுக்கிற கடை. கோடை முழுக்கப் பட்டன், அதாவது டயரில் மேடு மேடாக இருக்கிற ரப்பர், தேய்ந்த டயரோடு ஓட்டியவர்கள், இன்னும் ஓடும் இன்னும் ஓடும் என்று தள்ளிப் போட்டவர்கள், எல்லோரும் முதல் சாரல் விழுந்த மறுநாள் காலையில் வரிசையாக வந்து நிற்பார்கள். அவசரம் வேறு. மதியத்துக்குள் மலை தாண்டிக் கேரளாவில் புனலூர் போகணும், சாயங்காலம் கொல்லத்தில் ஆள் இறக்கணும். ஆக, புது டயர் முதன்முதலாகப் பார்க்கிற ரோடே புளியரை எஸ் வளைவும் எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் ஏற்றமும்தான், அதுவும் நனைந்த ரோடு.

இந்த வேலையில் இருந்து நான் கண்டது ஒன்று உண்டு. மொட்டை டயரில் வருகிறவர் பயந்து பயந்து, வளைவுக்கு ரொம்ப முன்பே வேகத்தைக் குறைத்து, எப்படியோ பத்திரமாக வந்து சேர்ந்துவிடுகிறார். டயர் மாற்றிய அன்றைக்கே அந்தப் பயம் போய்விடுகிறது. முழுப் பிடிப்பு வர இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும், தைரியம் மட்டும் பில் போட்ட உடனே வந்துவிடுகிறது.

பிளாஸ்டிக் சுற்றைப் பிரித்ததும் புது டயரின் ரோட்டில் படுகிற பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும், அது அச்சில் காற்று வெளியேறுகிற ஓட்டையில் புகுந்த ரப்பர், அதனால் ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது அந்த முடிகளுக்கு நடுவே இருக்கிற மேல்தோல். மினுமினுப்பாக, விரல் நழுவுகிற மாதிரி இருக்கும். சூடான அச்சில் அழுத்தி வேகவைத்து எடுத்த ரப்பர் என்பதால் மேற்பரப்பு வழவழப்பாகத்தான் வெளியே வரும், அச்சில் ஒட்டாமல் வரப் போடுகிற பூச்சின் மிச்சமும் கொஞ்சம் இருக்கலாம். போதாததற்கு, வெயிலிலும் காற்றிலும் ரப்பர் வெடிக்காமல் இருக்க உள்ளே ஒருவித மெழுகு கலந்திருப்பார்கள், அது மெல்ல மெல்ல மேலே கசிந்து வரும். அதே டயரை ஒரு மாதம் ஓடிய பிறகு தடவினால் மினுமினுப்பு போய், மங்கலான கறுப்பாக, விரலைப் பிடித்து நிறுத்துகிற சொரசொரப்பு வந்திருக்கும். அந்தச் சொரசொரப்புதான் ஈர ரோட்டில் நமக்கு வேண்டியது. அது ரோட்டில் உரசி உரசித்தான் வரும், வேறு குறுக்கு வழி கிடையாது. காருக்கு முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள் என்று டயர்காரர்கள் சொல்வது இதனால்தான்.

சிலர் டீசலை ஊற்றிக் கழுவிக் கொண்டுவருகிறார்கள். வேண்டவே வேண்டாம், டீசல் பட்டால் ரப்பர் கெடும்.

இன்னொரு விஷயம், பட்டனின் உயரம். கார் டயர் புதிதாக இருக்கும்போது பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் இருக்கும். சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கழற்றிவிட வேண்டும், அந்த அளவுக்குத் தேய்ந்ததைக் காட்டத்தான் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். உயரமான புதுப் பட்டன், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தேய்ந்து கட்டையான டயரில் பழகிய கைக்கு இது "வண்டி மிதக்குது அண்ணாச்சி" என்று தோன்றும். மாற்றிய மறுநாளே அலைன்மெண்ட் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம். மிதப்பு தானாகப் போய்விடும். வண்டி ஒரே பக்கமாக இழுத்தால் மட்டும் மறுபடி கொண்டு வாருங்கள்.

அப்புறம் எங்கள் ஊர் மழை. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். செங்கோட்டை, குற்றாலம் பக்கம் பெய்வது சாரல். வைப்பர் போட்டால் கண்ணாடி காய்ந்துபோய்க் கிறீச்சிடும், போடாவிட்டால் கண்ணாடி மறைக்கும், அவ்வளவுதான் மழை. அந்தச் சாரல் ரோட்டைக் கழுவாது. வெயில் காலம் முழுக்கப் படிந்த எண்ணெய், புழுதி, லாரி சிந்திய டீசல் எல்லாவற்றையும் குழைத்து ஒரு படலமாக விரித்து வைத்துவிட்டுப் போகும். மலையைத் தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் கதையே வேறு. தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிற பக்கம் அது. அங்கே மழை கொட்டி ரோட்டைக் கழுவிவிடுகிறது, ஆனால் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, வளைவில் மலையிலிருந்து ஓடையாகக் குறுக்கே பாய்கிறது. கொஞ்ச தூரத்துக்குள் ஒரே ரோடு இரண்டு விதமான ஈரம்.

புது டயருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. கொட்டுகிற மழைக்குப் புது டயர்தான் ராஜா, ஆழமான பள்ளம் தண்ணீரை வாரி வெளியே தள்ளிவிடும், தேய்ந்த டயர் தண்ணீர் மேல் மிதக்கிற வேகத்தில் இது தரையைத் தொட்டுக்கொண்டு போகும். சாரலுக்கு அந்த ஆழத்தால் பெரிய லாபம் இல்லை, அங்கே தள்ளிவிட ஆழமான தண்ணீரே கிடையாது. மேல்தோலும் ரோடும் நேராக உரச வேண்டிய இடம் அது, நம் டயரின் மேல்தோல்தான் இன்னும் மினுமினுப்பாக இருக்கிறதே. ஆகவே முதல் வாரத்தில் நான் அதிகம் பயப்படுவது ஆரியங்காவுப் பெருமழைக்கு இல்லை, திரும்பி வரும்போது புளியரை இறக்கத்தில் பொசுபொசுவென்று விழுகிற சாரலுக்குத்தான். வண்டி ஓட்டுகிறவரோ நேர்மாறாக நினைக்கிறார். அந்தப் பக்கம் மழையில் கவனமாக ஓட்டிவிட்டு, கோட்டைவாசல் தாண்டியதும் ஊர் வந்துவிட்டது என்று காலை அழுத்துகிறார்.

கடையில் தினமும் நடக்கிற வாக்குவாதம் ஒன்று. நாலும் மாற்றப் பணமில்லை, இரண்டு மட்டும் புதுசு. எங்கே போடுவது? கேட்கிற எல்லோரும் முன்னால் என்பார்கள். எங்கள் பெரிய மிஸ்திரியிடம் ஒரு டாக்சி டிரைவர் மல்லுக்கட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"எஞ்சின் முன்னால, ஸ்டியரிங் முன்னால, பிரேக்கும் முன்னாலதான் அதிகம் பிடிக்கும். புதுசைப் பின்னால போட்டு என்ன செய்ய அண்ணாச்சி?"

"முன்னால வழுக்கினா உமக்குத் தெரியும்வே. பின்னால வழுக்கினா பின்னால வர்றவனுக்குத்தான் முதல்ல தெரியும்."

பெரியவர் சொன்னதில் விஷயம் எல்லாம் அடங்கிவிட்டது. முன் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங் லேசாகும், வண்டி நேராகப் போகப் பார்க்கும், கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து வரும், வேகம் குறைந்ததும் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைத்துவிடும். பின் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங்கில் எந்தத் தகவலும் வராது, பின்பக்கம் வீசிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும், பயத்தில் காலை எடுத்தால் இன்னும் மோசமாகும். அதனால் முன்சக்கரம் இழுக்கிற வண்டியானாலும் சரி, பின்சக்கரம் தள்ளுகிற வண்டியானாலும் சரி, புதுசு இரண்டும் பின்னால்தான். அந்த டிரைவர் கேட்கவில்லை, அவர் வண்டி, அவர் இஷ்டம் என்று முன்னால் போட்டுக் கொடுத்தோம். பிறகு ஒரு நாள் பின்பக்கக் கதவு நசுங்கி வந்தது. கழுதுருட்டி பக்கம் ஒரு வளைவில் குறுக்கே தண்ணீர் ஓடியிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. "ஸ்டியரிங் கையில நல்லாத்தான் இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நன்றாகத்தான் இருந்திருக்கும், முன்னால் புது டயர் அல்லவா. நாலு டயரும் ஒரே மாதிரி தேயும்படி அவ்வப்போது முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தால் இந்தப் பஞ்சாயத்தே வராது என்பது வேறு விஷயம்.

கடைக்காரர்கள் செய்கிற வேலையிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. டயரை ரிம்மில் ஏற்றும்போது சோப்புக் கரைசல் தடவுவோம், அது ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டும். பையன் அவசரத்தில் பிரஷ்ஷை நாலு பக்கமும் வீசினால் ரோட்டில் படுகிற இடத்திலும் சோப்பு. துடைக்கச் சொல்லுங்கள். கடைசியில் பளபளப்புக்கு பாலிஷ் அடிப்பார்கள், அதைப் பக்கவாட்டில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், அடிக்காமலே விட்டாலும் நஷ்டமில்லை. காற்று இன்னொன்று. டயர் ரிம்மில் டப்பென்று உட்கார வேண்டும் என்பதற்காகக் கூடுதலாக ஏற்றுவோம், பிறகு இறக்க மறந்துவிடுவதும் நடக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற அளவைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது சரி பண்ணுங்கள். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு வரும் என்று ஒரு நம்பிக்கை இங்கே சுற்றுகிறது. தப்பு. காற்று குறைந்தால் தேங்கிய தண்ணீரில் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்க ஆரம்பிக்கும்.

கார்க்காரர்களை விட எனக்குப் பதற்றம் பைக்கில் வருகிற பையன்களைப் பார்த்துத்தான். கார் டயர் நேராக ஓடினாலே முழு அகலமும் உரசிவிடும். பைக் டயர் அப்படி இல்லை, நேராக எத்தனை தூரம் போனாலும் நடுக்கோடு மட்டும்தான் தேயும், ஓரம் ரோட்டைப் பார்த்தே இருக்காது. நடுவில் சொரசொரப்பு வந்துவிட்டதே என்று குற்றாலம் சீசனில் வளைவில் சாய்த்தால் வண்டி நிற்கிறது அந்தக் கன்னி ஓரத்தில். முதல் 150, 200 கிலோமீட்டர் காய்ந்த ரோட்டில், கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். "சரிண்ணே சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு வாசலிலேயே சாய்த்துத் திருப்பிக்கொண்டு போவான். என்ன செய்ய.

ஓட்டுகிற விதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மலை ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிட வேண்டும். இறக்கத்தில், ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். முன்வண்டிக்கு வழக்கமாக விடுகிற இடைவெளியை இரண்டு மடங்காக்க வேண்டும், சாரலில் இன்னும் கூடுதலாக. தேங்கிய தண்ணீரில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டால், பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை ஒடிக்காமல், ஆக்சிலேட்டரை மட்டும் மெதுவாக விட வேண்டும். நான் கூடுதலாகச் சொல்வது இது: டயர் மாற்றியதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். முதலில் கிழக்கே இலஞ்சி, தென்காசி பக்கம் சமதளத்தில் ஒரு சுற்றுப் போய், பின்னால் யாரும் வராத இடத்தில் 30 வேகத்தில் பிரேக்கை மிதித்து, இந்த டயர் எங்கே நிற்கிறது என்று காலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறவர்கள் அந்தச் சுற்றிலேயே அதையும் முடித்துக்கொள்ளலாம்.

வீல் நட்டை 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை திரும்ப முறுக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம், காசு வாங்குவதில்லை. வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கேரளப் பக்கத்து வாடிக்கையாளர்கள் இதில் பரவாயில்லை, மழையோடேயே வாழ்கிறவர்கள் என்பதாலோ என்னவோ, அடுத்த தடவை எல்லை தாண்டி வரும்போது வண்டியை நிறுத்தி "சேட்டா, நட்டு" என்பார்கள்.

இதெல்லாம் ஜூன் மாதத்துத் தொல்லை. மே மாதமே மாற்றினால் பாதி தொல்லை இல்லை, காய்ந்த ரோட்டில் தோல் உரிந்து, மழை வரும்போது டயர் தயாராக இருக்கும். கார்த்திகையில் அச்சன்கோவில், சபரிமலை என்று மாலை போட்டவர்களை ஏற்றிப் போகிற வேன்காரர்கள் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால், புரட்டாசியிலேயே மாற்றிவிடலாம். இதைச் சொன்னால் டயரைக் குனிந்து பார்த்து, நகத்தை விட்டு அளந்து, "இன்னும் ரெண்டாயிரம் ஓடும் போலிருக்கே அண்ணாச்சி" என்கிறார்கள். ஓடும்தான். அந்த இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கத்தான் மழையில் புது டயரோடு மலை ஏறுகிறார்கள்.