அம்மாவின் முட்டியும் ஓரத்து சீட்டும்

ஜனவரி 4, ஞாயிறு

மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப் போனேன். திரை நேராகத் தெரியட்டும் என்று வரிசையின் நட்ட நடுவில் டிக்கெட் போட்டிருந்தேன். உட்கார்ந்ததுமே முன் சீட்டின் முதுகு அம்மாவின் முட்டியில் இடித்தது. அம்மாவுக்கு அந்தப் பக்கம் நல்ல ஆகிருதியான ஒருவர். உடம்பை வைத்து யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலை அகட்டிப் போட்டு, கைப்பிடி முழுவதையும் எடுத்துக்கொண்டதற்கும் உடம்புக்கும் சம்பந்தமில்லை. முதல் பாதி முழுக்க அம்மா என் தோளில் ஒடுங்கியே இருந்தார்.

இடைவேளையில் எழுந்து நடக்கலாம் என்றால் இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் ஒன்பது பேர். "வேண்டாம் கண்ணு, இருக்கட்டும்" என்றார். படம் விட்டதும் முட்டியை நீட்டவே முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்காமல் இருந்தேன்?

ஜனவரி 6, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். காலை மடக்கியே வெகுநேரம் உட்கார்ந்தால் முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்துமாம். அதனால்தான் எழும்போது அப்படி வலிக்கிறது. இந்த வலிக்கு மருத்துவத்தில் 'தியேட்டர் சைன்' என்றே ஒரு பெயர் இருக்கிறதாம்! அடிக்கடி நீட்டி மடக்கினால் போதும், படத்தை நிறுத்த வேண்டாம் என்றார். அதைக் கேட்டதும் அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே.

ஜனவரி 10, சனி

சேலம் கன்னங்குறிச்சியில் சித்தி வீட்டுக்குப் போகும் வழியில், ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோவில் மிச்சம் நிற்பது அது ஒன்றுதான். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்து வந்த கலர் படம். அம்மா அதைப் பார்த்தது பல வருடம் கழித்து, ஊர் டூரிங் கொட்டகையில். தரை டிக்கெட்டாம். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்காருவார்களாம். "காலை நீட்டிக்கிட்டே பார்ப்போம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று அம்மா சொன்னபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் படங்களுக்கு ஐந்து ரோடு சந்திப்பு வரை வண்டி நிற்கிறது. நாங்கள் போகவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

காலைக் காட்சி. இந்த முறை நடைபாதையை ஒட்டிய ஓரத்து சீட்டு. அம்மாவுக்கு வலி வலது முட்டியில், அதனால் நடைபாதை அவருக்கு வலப்பக்கம் வர வேண்டும். புக் செய்யும்போது போனில் திரையை மேலே காட்டுகிறதா கீழே காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழே காட்டினால் வலது இடது அப்படியே மாறிவிடும். நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

எனக்கு அடுத்த சீட்டில் ஒரு பையன். முழங்கை என் விலாவில், போன் வெளிச்சம் என் கண்ணில். பத்து நிமிடம் பொறுத்தேன். அப்புறம் மெதுவாக, "தம்பி, கையைக் கொஞ்சம் உள்ள வெச்சுக்கறீங்களா? போனும் கண்ணுல அடிக்குது" என்றேன். "சாரிக்கா" என்று இரண்டையும் எடுத்துவிட்டான். அவ்வளவுதான். அன்றைக்கு அம்மாவுக்காக இதைக் கேட்காமல் விட்டது இப்போது இன்னும் உறுத்துகிறது.

அம்மா நடைபாதையில் காலை நீட்டியிருந்தார். யாராவது வந்தால் மடக்கிக்கொண்டார், போனதும் மறுபடி நீட்டினார். இடைவேளையில் கழிவறை வரை தனியாகவே நடந்து போய் வந்தார். படம் முடிந்து வெளியே வந்ததும் தட்டுவடை செட் வேண்டும் என்றார். தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு செட் சாப்பிட்டார், காரம் கொஞ்சம் தூக்கலாக.