இந்திய மருமகளுக்கு நீல ஐசி: தாப்பிசானில் கோப்பு எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்த பெண்ணுக்கு மலேசியக் குடியுரிமையும் குடிமக்களின் அடையாள அட்டையான நீல ஐசியும் கேட்கும்போது, கோலாலம்பூர்க் குடும்பங்கள் தாப்பிசான் எனும் பின்னணிச் சரிபார்ப்பில் வரும் போலீஸ் சோதனையை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகின்றன. குற்றப் பதிவே இல்லாதவர்களின் கோப்புகளும் தேங்கி நிற்பதுண்டு. பெரும்பாலும் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் காரணம்.

கூட்டரசு அரசியலமைப்பின் 15(1) விதிப்படி திருமணம் நீடிக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும், நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும். திருமணப் பதிவு தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னிடம் இருக்கிறது, வந்து போன விவரம் குடிநுழைவுத் துறையிடம், நடத்தை பற்றிய தகவல் போலீஸிடம். கடைசி முடிவு உள்துறை அமைச்சருடையது.

வசிப்புக் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். நீண்டகால சமூக வருகை பாஸில் எட்டு வருடம் இருந்தேன் என்பது தானாகக் கணக்கில் வராது. தற்காலிகப் பாஸில் தங்கிய காலத்தை, அரசு சம்மதித்தால் ஒழிய, அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை வசிப்பாக ஏற்பதில்லை. அதனால்தான் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியை முதலில் எடுக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக ஊருக்குப் போய்வந்தால் அந்தக் காலத்தையும் வசிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பேறுகாலத்துக்குப் போய் அதைத் தாண்டி இருந்துவிட்டால், மருத்துவக் கடிதங்களைத் தேடிப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இதில்தான் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் 'கே. செல்வி', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, ஊரில் பதிந்த திருமணச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக. அப்பா பெயரான கருப்பையாவை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் 'எச்' கூடும், இன்னொரு இடத்தில் 'பி' குறையும். கணினியில் தேடுகிறவருக்கு அவை இரண்டு ஆட்கள். இதைவிட மோசம், விண்ணப்பம் நடக்கும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்ப்பது. அன்றிலிருந்து சிவப்பு ஐசியும் பாஸ்போர்ட்டும் வேறு வேறு பெயர் சொல்லும். முடிவு வரும்வரை பெயரைத் தொடாதீர்கள். பழைய முரண்பாடுகளுக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சத்தியப் பிரமாண ஆணையர் முன் 'அக்குவான் பெர்க்கானுன்' எனும் சத்தியப் பிரமாண வாக்குமூலம் எடுத்து, எல்லா வடிவங்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று எழுதலாம். ஆனால் அது ஒட்டுப்போடுவதுதான். மூல ஆவணத்தைத் திருத்த முடிந்தால் திருத்துவதே மேல்.

கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற திருமணமா? 1982 மார்ச் 1க்குப் பிறகு இங்கே நடந்தது என்றால், பதிவு இல்லாமல் அது செல்லாது. இந்தியாவில் நடந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் மலேசியத் தரப்பிலும் பதிய வேண்டும். இரு நாட்டுச் சான்றிதழ்களிலும் திருமணத் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். முகூர்த்த நாளையும் பதிவு நாளையும் மாற்றி எழுதியிருப்பார்கள்.

இந்தியப் போலீஸ் சான்றான பிசிசி கேட்டால் இங்குள்ள இந்தியத் தூதரகம் வழி எடுக்கலாம். ஊரில் விசாரணை தேவைப்பட்டால் அது பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்குப் போகும். பிறந்தவீடு விற்றாகிவிட்டது என்றால் காவலர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வரப்புச் சண்டையில் குடும்பத்தார் எல்லார் பெயரையும் எஃப்ஐஆரில் சேர்த்திருந்தால் அதுவும் வெளியே வரும். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள்.

பழைய வழக்கை மறைப்பது மட்டும் கூடாது. முக்கிய விவரத்தை மறைத்து வாங்கிய குடியுரிமையைப் பிறகும் பறிக்க அரசியலமைப்பின் 26ஆம் விதி இடம் தருகிறது. சொல்லிவிட்ட சின்ன வழக்கு அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்பது என் கருத்து.

செந்தூலிலிருந்து கிள்ளானுக்கு வீடு மாறினால் 30 நாளுக்குள் சிவப்பு ஐசி முகவரியை மாற்றுங்கள், கோப்பைக் கையாளும் ஜேபிஎன் பிரிவுக்கும் தனியாகக் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேர்காணல் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால், வராதது உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.